பச்சைச் சாயமும் முப்பதாம் நாளும்

ஆரம்பாக்கம்,
13-7-2025, ஞாயிறு

அன்புள்ள மதிக்கு,

அண்ணி எழுதுவது. புனேயில் விடாத மழை என்று டிவியில் காட்டினார்கள். நனையாமல் போய் வருகிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே உன் அண்ணனுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. நந்தினி பத்தாம் வகுப்பு என்ற பயமே இல்லாமல் நன்றாகத் தூங்குகிறாள். செவலைப் பசு கன்று போட்டு ஒன்பது நாள் ஆகிறது, தாயும் கன்றும் சுகம்.

போன வாரம் போனில் நீ சொன்னது மனசிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. உன் சாயத்தின் மேல் வெளிச்சம் பட்டால் சூடாகும், அந்தச் சூட்டில் புற்றுநோய்க் கட்டி செத்துப்போகும் என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அண்ணன் போனைப் பிடுங்கி, டிராக்டர்காரன் வராத கதையை ஆரம்பித்துவிட்டார். நம் வீட்டுப் போனில் நான்கு பேர் ஒன்றாகப் பேசுவார்கள். கம்பெனியிலோ கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள். அதனால்தான் பழையபடி கடிதம். கல்யாணமாகித் தடாவிலிருந்து வந்தபோது எனக்குத் தெலுங்கு எழுத்து மட்டும்தான் தெரியும். ஆறாவது படித்துக்கொண்டிருந்த நீதான், "தெனம் எனக்கு ஒரு லெட்டர் எழுதுங்கண்ணி, நான் திருத்தித் தரேன்" என்று சொல்லி என்னைத் தமிழ் எழுத வைத்தாய். இதிலும் பிழை இருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டு அனுப்பு.

விஷயத்துக்கு வருகிறேன். பதினோரு வருஷமாகக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு சாயக் கம்பெனி லேபில் ஷேடு பார்க்கிறேன். துணித்துண்டில் சாயம் ஏற்றி, லைட் பெட்டிக்குள் ஸ்டாண்டர்டு துண்டுக்குப் பக்கத்தில் வைத்து, இதில் நீலம் ஒரு பொட்டு கூட, இது மங்கல் என்று சொல்ல வேண்டும். அதுதான் வேலை. சாயம் என்பது பார்க்கிறவர் கண்ணுக்காக இருப்பது. உடம்புக்குள்ளே, யாரும் பார்க்காத இடத்தில் ஒரு சாயத்துக்கு என்ன வேலை? அது என்ன கலர்? வெளிச்சத்தில் சூடாகும் என்றால், எங்கள் கறுப்புச் சாயம் ஏற்றிய துணியும் வெயிலில் சூடாகத்தானே செய்கிறது? அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அவசரமில்லை. நேரம் கிடைக்கும்போது விவரமாக எழுது.

உன் உடம்பைக் கவனித்துக்கொள்.
சுமலதா அண்ணி


புனே,
23-7-2025

அன்புள்ள அண்ணிக்கு,

மதியின் வணக்கம். லேசான சளியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. அண்ணனை மாடிப்படி ஏற வேண்டாம் என்று சொல்லுங்கள். கன்றுக்கு நந்தினி என்ன பேர் வைத்தாள்? உங்கள் கடிதத்தில் இரண்டு பிழைதான் இருந்தது, வட்டம் போடவில்லை.

ஐந்து வருஷமாக இந்த ஆராய்ச்சியில் இருக்கிறேன். உன் சாயம் என்ன கலர் என்று கேட்ட முதல் ஆள் நீங்கள். கரும்பச்சை. பொடியாக இருக்கும்போது கிட்டத்தட்ட கறுப்பு, தண்ணீரில் போட்டால் பச்சை விரியும்.

ஆனால் அதன் வேலை அந்தப் பச்சையில் இல்லை. உங்கள் கறுப்புச் சாயம் எல்லா வெளிச்சத்தையும் விழுங்கும். நம் தோலும் ரத்தமும்கூட விழுங்கும். டார்ச் விளக்கை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்தால் சிவப்பு மட்டும் கசிந்து வருகிறது இல்லையா? மற்றதெல்லாம் வழியிலேயே தீர்ந்துவிடுகிறது. அந்தச் சிவப்புக்கும் அப்பால் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் உண்டு. சதை அதைக் கொஞ்சம் தாராளமாக உள்ளே விடும். எங்கள் சாயம் அந்த வெளிச்சத்தைத்தான் குடிக்கிறது, குடித்ததைச் சூடாக மாற்றுகிறது. சாயம் இருக்கிற இடம் கொதிக்கும், பக்கத்துச் சதை பெரிதாகச் சுடாது. அந்த வெளிச்சத்தைப் பார்க்க ஆசையா? டிவி ரிமோட்டின் நுனியை நந்தினியின் போன் கேமராவுக்கு நேரே காட்டி, ஒரு பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

இங்கே எலிகளுக்குத்தான் கொடுத்துப் பார்க்கிறோம். பட்டாணி அளவுக் கட்டி. ஊசியில் சாயம் போகும், பிறகு ஐந்து நிமிஷம் லேசர். ஐம்பத்திரண்டு டிகிரி வரை ஏறியது. ஒரு வாரத்தில் கட்டி இருந்த இடத்தில் வெறும் பொருக்கு, அண்ணி. அதைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இன்னும் கேளுங்கள். உங்களுக்கு எழுதும்போதுதான் எனக்கே புரிகிறது.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.
இளமதி


ஆரம்பாக்கம்,
3-8-2025, ஞாயிறு

அன்புள்ள மதிக்கு,

சளி விட்டதா? மிளகு போட்டுப் பால் குடி. கன்றின் பேர் ஜானு. உன் அண்ணன் நாற்றங்கால் வேலையில் இருக்கிறார். நந்தினிக்கு முதல் பரீட்சையில் கணக்கில் மட்டும் கொஞ்சம் குறைவு.

உன் கடிதம் வந்த அன்றே ரிமோட்டைப் பார்த்தோம். கேமராவில் ஊதா மாதிரி ஒரு புள்ளி மினுக்குகிறது, கண்ணால் நேரே பார்த்தால் ஒன்றுமே இல்லை. நான் பத்து முறையாவது மாற்றி மாற்றிப் பார்த்திருப்பேன். உன் அண்ணன் சிரித்தார். "இன்னா சுமா, டிவிய வுட்டுட்டு ரிமோட்ட பாத்துக்கினு கீற." இத்தனை வருஷம் கலர் பார்த்து வயிறு வளர்த்தவள், என் கண்ணுக்கு எட்டாத ஒரு கலர் என் வீட்டு டிவி மேலேயே கிடந்திருக்கிறது.

இப்போது என் கேள்விகள். சதை கொஞ்சம் தாராளமாக விடும் என்கிறாயே, எவ்வளவு ஆழம்? ஒரு விரல் ஆழம் போகுமா? எலிக்குக் கட்டி எந்த இடத்தில் இருந்தது? அந்த மாதிரிக் கட்டி அசையுமா, ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்குமா? சூடு ஏறும்போது எலிக்கு வலிக்குமா? பொருக்கு விழுந்த பிறகு அந்த எலி என்ன ஆனது?

கேள்வி அதிகமாகிவிட்டது. உன் வேலைக்கு இடைஞ்சல் வேண்டாம். ஆனால் பதில் எழுது.

அன்புடன்,
அண்ணி


புனே,
17-8-2025

அன்புள்ள அண்ணிக்கு,

மிளகுப் பால் குடித்தேன், சளி போய்விட்டது. ஜானுவின் போட்டோவை நந்தினி அனுப்பினாள், நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு அழகாக இருக்கிறாள். அண்ணன் முட்டியோடு சேற்றில் இறங்குகிறாரா? ஆள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வெளிச்சம் வேலை செய்கிற அளவுக்கு உள்ளே போவது ஒரு சென்டிமீட்டர், மிஞ்சினால் கொஞ்சம் கூட. ஒரு விரல் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எலியின் பால் சுரப்பியில்தான் கட்டியை வளர்க்கிறோம், பெண்களுக்கு மார்பில் வருகிற வகை. முதலில் தோலுக்கு அடியில் நழுவும், பெரிதானால் ஒட்டிக்கொள்ளும். மயக்கம் கொடுத்துத்தான் செய்கிறோம், வலி தெரியாது.

ஆறு எலிகளுக்குச் செய்தோம். பதினான்காம் நாள் பார்த்தபோது ஆறிலும் கட்டி இல்லை. ஆறிலும் அண்ணி! எங்கள் கைடு என் முதுகில் தட்டினார். அவர் யாரையும் தட்டுகிற ஆள் இல்லை.

ஒரே ஒரு தொந்தரவு. சில நாள் இதே சாயம், இதே லேசர், ஆனால் நாற்பது டிகிரியைத் தாண்ட மாட்டேன் என்கிறது. திங்கட்கிழமை நன்றாகச் சுடும், வியாழக்கிழமை சோம்பிக் கிடக்கும். அந்த நாட்களில் பச்சையும் கொஞ்சம் வேறு மாதிரி தெரிகிறதோ என்று எனக்குச் சந்தேகம். எனக்கு உங்கள் கண் இல்லையே.

இப்படிக்கு உங்கள்,
இளமதி


ஆரம்பாக்கம்,
24-8-2025, ஞாயிறு

அன்புள்ள மதிக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். வீட்டில் உன் அண்ணன், நந்தினி, ஜானு எல்லோரும் நலம்.

சாயம் வியாழக்கிழமை சோம்புகிறது என்றால் எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. எதில் கலக்குகிறாய்? எங்கள் பிளான்ட்டில் தண்ணீரில் கரைந்த சாயத்தைப் பிரித்து எடுக்க உப்பைத்தான் கொட்டுவோம். உப்பு சேர்ந்தால் சாயத்தின் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். வெயில் காலத்தில் போர் தண்ணீர் உப்பேறினால், உப்பு கொட்டாமலேயே அப்படி ஆகும். கண்ணுக்குக் கலங்கலாகத் தெரிவதற்கு முன்பே ஷேடு செத்துப்போகும். நீ திங்கட்கிழமை ஒரேயடியாகக் கலக்கி வைத்துவிட்டு வாரம் முழுக்க எடுக்கிறாயா? எலிக்கு ஏற்றுகிற தண்ணீரில் உப்பு இருக்குமே. இது என் யோசனை, தப்பாகவும் இருக்கலாம்.

இன்னொரு விஷயம். எங்கள் லேபில் தமிழ்செல்வி என்று ஒரு பெண், கவரைப்பேட்டையிலிருந்து வருகிறாள். அவளுக்கு மார்பில் ஒரு கட்டி. இடது பக்கம், அக்குள் ஓரமாக. ஜூன் மாதம் குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. அப்போது புளியங்கொட்டை அளவு, இப்போது அதைவிடக் கொஞ்சம் பெரிது. அழுத்தினால் வலி இல்லை, நழுவுகிறது. தோலுக்கு அடியில் அரை விரல் ஆழம்கூட இருக்காது. அவளுடைய அம்மாவுக்கும் இதே வந்து, அறுத்து எடுத்து, அந்தப் புண் ஆறாமலேயே வருஷத்துக்குள் போய்விட்டார். அதனால் ஆஸ்பத்திரி என்றாலே அவள் பேச்சை மாற்றிவிடுகிறாள்.

நீ தீபாவளிக்கு வரும்போது உன் சாயம் ஒரு சிட்டிகை கொண்டு வர முடியுமா? கும்மிடிப்பூண்டியில் முட்டி வலிக்கு வெளிச்சம் காட்டுகிற இடத்தில் அந்தச் சிவப்புக்கு அப்பால் உள்ள விளக்கு இருக்கிறது, நான் கேட்டுவிட்டேன். ஆறு எலியில் ஆறுக்கும் போயிருக்கிறதே.

பொருக்கு விழுந்த பிறகு எலி என்ன ஆனது என்று கேட்டிருந்தேன், அதற்குப் பதில் எழுத மறந்துவிட்டாய்.

அன்புடன்,
அண்ணி


புனே,
3-9-2025

அன்புள்ள அண்ணிக்கு,

அனைவரின் நலமும் அறிந்து மகிழ்ச்சி. முதலில் நல்ல செய்தி: உப்புதான். ஊசிக்கான உப்புத்தண்ணீரில் திங்கட்கிழமையே கலக்கி ஃபிரிட்ஜில் வைத்து வியாழன் வரை எடுத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்ததும் வெறும் தண்ணீரில் அன்றன்றைக்குக் கலக்கிப் பார்த்தேன். நான்கு நாளும் ஒரே சூடு. புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான், நான் அலட்சியமாக இருந்துவிட்டேன். கைடிடம் என் அண்ணி சொன்னார் என்றேன். எந்த யுனிவர்சிட்டி என்று கேட்டார்.

இரண்டாவது விஷயம், கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள். சாயம் கொண்டு வர மாட்டேன். ஒரு சிட்டிகை இல்லை, ஒரு துகள்கூட. எலிக்குக் கொடுத்ததை மனுஷிக்குக் கொடுக்க இன்னும் எத்தனையோ வருஷம் சோதிக்க வேண்டும். முட்டி விளக்கு எங்கள் லேசர் இல்லை, அது தோலைத்தான் பொசுக்கும். தமிழ்செல்வியை இந்த வாரமே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். அவருடைய அம்மா காலத்து அறுவை வேறு, இப்போது உள்ளது வேறு. ஆரம்பத்திலேயே வந்தால் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு மார்பை விட்டுவிடுகிறார்கள். அவருடைய போன் நம்பரை எனக்கு அனுப்புங்கள், நானே பேசுகிறேன்.

உடனே பதில் போடுங்கள்.
இளமதி


ஆரம்பாக்கம்,
28-9-2025, ஞாயிறு

அன்புள்ள மதிக்கு,

நீ சௌக்கியமா? இங்கே அவர், நந்தினி, மாடு கன்று எல்லாம் சௌக்கியம். நடவு வேலை, கம்பெனியிலும் ஆடிட். அதனால்தான் பதில் எழுதத் தாமதம்.

தமிழ்செல்வியிடம் போன் கிடையாது. நீ சொன்னதைச் சொன்னேன். தீபாவளி முடியட்டும் என்கிறாள். உப்பு விஷயம் சரியாகப் போனதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

வேறு விசேஷம் இல்லை.
அண்ணி


புனே,
4-10-2025

அன்புள்ள தமிழ்செல்வி அவர்களுக்கு,

வணக்கம். உங்களுக்கு என்னைத் தெரியாது. உங்களோடு லேபில் வேலை செய்யும் சுமலதாவின் நாத்தனார் நான். வீட்டு விலாசம் தெரியாததால் கம்பெனி விலாசத்துக்கு எழுதுகிறேன். உங்கள் உடம்பு பற்றி அண்ணி எனக்குச் சொன்னதில் தயவுசெய்து வருத்தப்படாதீர்கள்.

உங்கள் மார்பில் உள்ள கட்டியை ஜூனிலிருந்து வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தீபாவளி வரை காத்திருக்க வேண்டாம். அது சாதாரணக் கட்டியாகவும் இருக்கலாம், ஆனால் அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். என் சாயத்தைப் பற்றி அண்ணி ஏதாவது நம்பிக்கை கொடுத்திருந்தால் அதை மறந்துவிடுங்கள். என் நம்பர் கீழே இருக்கிறது. யார் போனிலிருந்தாவது ஒரு முறை அழையுங்கள்.

நீங்கள் நலமடைய வேண்டும்.
இளமதி


கவரைப்பேட்டை,
10-10-2025

மதிப்புள்ள இளமதி மேடம் அவர்களுக்கு,

தமிழ்செல்வியின் வணக்கம். நீங்களும் குடும்பமும் நலமாக இருக்க வேண்டும். என்னிடம் ஒன்றுக்கு ரெண்டு போன் இருக்கிறது. ஆனால் இதைப் போனில் பேசினால் அழுதுவிடுவேன் என்று எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் பாத்ரூமுக்குப் போய்த் தடவிப் பார்த்தேன். எனக்கு ஒரு கட்டியும் இல்லை. என் அம்மா நல்லபடியாக இருக்கிறார், எளாவூர் செக்போஸ்ட் பக்கம் டிபன் கடை நடத்துகிறார். யாரோ என்மேல் செய்வினை வைத்தது போல இருந்தது. அப்புறம்தான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சுமாக்கா இப்போதெல்லாம் எங்களோடு சேர்ந்து யூனிபார்ம் மாற்றுவதில்லை. போன மாதம் டிரம் மூடி நெஞ்சில் இடித்தபோது முகமெல்லாம் வெளுத்து உட்கார்ந்துவிட்டார்.

மற்றவர்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்துக் கேட்டேன். "அக்கா, எம் பேர்ல கட்டி கீதுன்னு யாருக்கு லெட்டர் போட்ட?"

அவர் கையில் இருந்த துண்டைக் கீழே வைக்கவே இல்லை. "இதுல செவப்பு கூட கீது பாரு, தமிழு" என்றார்.

நான் லைட் பெட்டியை அணைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அழுதார். "எம் பேரை எழுதத்தான் ஒக்காந்தேன். கை வரல. ஒம் பேரு வந்துச்சு" என்றார். மேடம், கட்டி அவருக்குத்தான். அறுத்து இறந்தது தடாவில் இருந்த அவருடைய அம்மா. வீட்டில் உங்கள் அண்ணனுக்குக்கூடத் தெரியாது.

நேற்று லீவு போட்டு நானே கும்மிடிப்பூண்டி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கை வைத்துப் பார்த்த உடனே சென்னைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை ஸ்கேன். நான் கூடப் போகிறேன். "வராட்டி ஊட்டாண்ட வந்து ஒங்க ஊட்டுக்காரர்ட்ட சொல்லிடுவேன்" என்று மிரட்டி வைத்திருக்கிறேன். என் பேரைப் போட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. அவரிடம் கோபப்படாதீர்கள்.

இப்படிக்கு,
தமிழ்செல்வி


புனே,
13-10-2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? ஜூலையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதங்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். அண்ணன், நந்தினி, மாடு, கன்று, எல்லோருடைய நலமும் இருக்கிறது. உங்களுடையது ஒன்றிலும் இல்லை. நானும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

இன்று காலையிலிருந்து பதினோரு தடவை போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. எடுத்தாலும் பக்கத்தில் யாராவது இருப்பார்கள். அதனால் எழுதுகிறேன்.

தமிழ்செல்வி பேரில் எழுதியது பொய் என்றால், நானும் உங்களுக்கு ஒரு பொய் எழுதினேன். அந்த எலி என்ன ஆனது என்று இரண்டு முறை கேட்டீர்கள். நான் மறக்கவில்லை. பதினான்காம் நாள் ஆறிலும் கட்டி இல்லை என்பது உண்மை. முப்பதாம் நாள் நான்கில் திரும்ப வந்துவிட்டது. வெளிச்சம் சரியாக எட்டாத ஓரத்திலிருந்து கிளம்பியிருக்கிறது. ஆகஸ்ட் பதினேழாம் தேதி நான் உங்களுக்கு 'ஆறிலும்' என்று எழுதியபோது முப்பதாம் நாள் கழிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. எனக்குத் தெரிந்தே எழுதினேன். உங்கள் கடிதங்களில் அவ்வளவு ஆர்வம் இருந்தது. என் வேலையை வீட்டில் ஒருவர் இப்படிக் கேட்பது அதுதான் முதல் முறை. தோற்றதை எழுத மனம் வரவில்லை.

மீதி இரண்டு எலிகளில் இன்றுவரை கட்டி வரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. கைடுக்கும் தெரியாது.

நீங்கள் என் ஆறு எலியை நம்பி ஆவணி, புரட்டாசி முழுக்கக் காத்திருந்தீர்கள் என்பதை நினைத்தால் என்னால் லேபுக்குள் போக முடியவில்லை. பதினெட்டாம் தேதி கிளம்பி வருகிறேன்.

உங்கள்,
மதி


ஆரம்பாக்கம்,
17-10-2025

மதி,

கடிதம் வந்தது. ஸ்கேன் ஆயிற்று, ஊசியால் குத்திச் சோதனைக்கும் எடுத்திருக்கிறார்கள். வீட்டில் நீ எதுவும் பேசாதே, அவரிடம் நான்தான் சொல்ல வேண்டும். எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது. என்மேலும் இருக்கிறது. எது எவ்வளவு என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. வா.

சுமலதா


ஆரம்பாக்கம்,
14-12-2025, ஞாயிறு

அன்புள்ள மதிக்கு,

தையல் ஆறிவிட்டது. இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கினால் அக்குளில் நரம்பு இழுக்கிறது, மற்றபடி வலி இல்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். வரும் வியாழக்கிழமை கீமோவின் முதல் ஊசி. என் உடம்பைப் பற்றி இவ்வளவு. நீ எப்படி இருக்கிறாய்?

தீபாவளிக்கு நீ வந்து நான்கு நாள் இருந்தாய். நான் உனக்குச் சோறு போட்டேனே தவிர முகம் பார்த்துப் பேசவில்லை. ஆபரேஷனுக்கு வருகிறேன் என்றபோதும் வேண்டாம் என்றேன். உன் அண்ணனிடம் நான் சொன்ன விதம் உனக்குத் தெரியாது. தீபாவளிக்கு மறுநாள் வயலுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அங்கேயே சொன்னேன். அவர் வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அஞ்சு மாசம் எங்கூட ஒக்காந்து சாப்டுகினு இருந்தியே சுமா" என்றார். அன்றிலிருந்து என் ஃபைலை அவர்தான் தூக்கிக்கொண்டு வருகிறார். யாரிடமும் கொடுப்பதில்லை.

ஆபரேஷன் அன்று நடந்ததை உனக்குத்தான் சொல்ல வேண்டும். டாக்டர் ஜெபா என்று ஒரு அம்மா. முந்தின நாள் வந்து, கட்டியை மட்டும் எடுப்போம், அக்குளில் உள்ள நெறிகளில் நோய் எது வரைக்கும் போயிருக்கிறது என்று பார்க்க ஒரு சாயம் ஏற்றுவோம் என்றார். என்ன சாயம் என்றேன். பச்சை, அதற்கென்று ஒரு கேமரா இருக்கிறது, அதில் பார்த்தால் மட்டும் ஒளிரும் என்றார். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"டாக்டர், மயக்கம் குடுக்கறதுக்கு முன்னாடி அந்தச் சாயத்த ஒரு வாட்டி காட்டுவீங்களா?"

"எதுக்கும்மா?"

"நான் கலர் பாக்கறவ டாக்டர்."

தியேட்டருக்குள் நர்ஸ் ஒரு சின்ன சீசாவைக் கொண்டுவந்து காட்டினார். அடியில் கொஞ்சம் பொடி, நீ எழுதின மாதிரியே கிட்டத்தட்ட கறுப்பு. "உப்புத்தண்ணில கரைக்காதீங்க" என்று சொல்லிவிட்டேன். "தெரியும்மா, இதுக்குன்னு தனித் தண்ணி வருது" என்று சிரித்துக்கொண்டே ஊசியில் தண்ணீர் விட்டார். நான் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதி, அது எங்கள் லேபில் இல்லாத பச்சை. வெற்றிலைப் பச்சையில் ஆரம்பித்து, சீசா ஓரத்தில் மெல்லிசாகப் படிகிற இடத்தில் நீலம் வருகிறது. எங்கள் ஸ்டாண்டர்டு புத்தகத்தில் அதற்குப் பக்கத்தில் வைக்க ஒரு துண்டு கிடையாது. என் அம்மாவை அந்தக் காலத்தில் ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனபோது அவர் என் கையை விடவே இல்லை. என் ஆபரேஷன் அன்று முழுக்க எனக்கும் அதே பயம் இருந்தது. அந்தப் பச்சையைப் பார்த்த ஒரு நிமிஷம் மட்டும் பயம் இல்லை. மயக்கம் ஏறும்போது இந்த நீலம் எங்கிருந்து வருகிறது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதே வகைச் சாயம், ஆனால் என்னைச் சுடுவதற்கு இல்லை, வழி காட்டுவதற்கு. கேமராவில் எடுத்த படத்தை டாக்டர் பிறகு காட்டினார். கறுப்புத் திரையில் வெள்ளையாக மூன்று பொட்டு. மூன்று நெறியையும் எடுத்தார்கள். இரண்டு சுத்தம். ஒன்றில் இருந்தது. அதனால்தான் இப்போது ஊசி.

ஜூன், ஜூலையிலேயே வந்திருந்தால் அந்த ஒன்றும் சுத்தமாக இருந்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். இருந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். இதை உன்மேல் குற்றமாக எழுதவில்லை என்று எழுத ஆரம்பித்தேன், அடித்துவிட்டேன். கொஞ்சம் குற்றமாகத்தான் எழுதுகிறேன். முப்பதாம் நாளை நீ ஆகஸ்டில் எழுதியிருந்தால் நான் ஆகஸ்டிலேயே போயிருப்பேன். நான் என் பேரை எழுதியிருந்தால் நீ முப்பதாம் நாளை எழுதியிருப்பாய். இதில் யார் பங்கு கூட என்று ஷேடு பார்க்க எனக்குத் தெம்பில்லை, விட்டுவிட்டேன். நீயும் விட்டுவிடு.

ஆனால் ஒன்றை நீ தப்பாக நினைத்துவிடக் கூடாது. கட்டிக்காக மட்டும்தான் இத்தனை கேள்வியும் கேட்டேன் என்று நினைத்திருப்பாய். பாதி அப்படித்தான். மீதிப் பாதி, கட்டி இல்லாவிட்டாலும் கேட்டிருப்பேன். ரிமோட் நுனியில் அந்தப் புள்ளியைப் பார்த்தபோது என் மார்பில் கட்டி இருப்பதே எனக்கு மறந்துவிட்டது.

அதனால் இப்போதும் கேட்கிறேன். அந்த இரண்டு எலிகள். எங்கள் லேபில் ஆறு துண்டில் நான்கு தவறி இரண்டு சரியாக வந்தால், தவறியதை ஒதுக்கிவிட்டு சரியாக வந்த இரண்டைத்தான் முதலில் எடுத்துப் பார்ப்போம். அவற்றுக்கு எந்தக் கிழமை சாயம் ஏற்றினாய்? உப்பில் கிடந்த சாயமா, அன்றே கலக்கியதா? கட்டி தோலுக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தது? சாயம் ஏற்றி எவ்வளவு நேரம் கழித்து வெளிச்சம் காட்டினாய், ஆறுக்கும் ஒரே நேரம்தானா? லேசரைப் பிடித்தது ஒரே கையா? நீ ஏன் என்று தெரியாது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அதற்கு முன் நீ எழுதிய எல்லாவற்றையும்விட அதைத்தான் நம்புகிறேன்.

பொங்கலுக்குள் இரண்டாவது ஊசியும் ஆகிவிடும். தலையில் முடி இருக்காது என்கிறார்கள். வாசலில் என்னைப் பார்த்ததும் மிரளாதே. தமிழ்செல்வியும் அன்றைக்கு வருகிறாள், உன்னைப் பார்க்க வேண்டுமாம்.

நீ வரும்போது வேறு எதுவும் வாங்கி வர வேண்டாம். ஆறு எலிகளுக்கும் நாள்வாரியாக எழுதி வைத்திருப்பாயே, அந்த நோட்டைக் கொண்டு வா. உட்கார்ந்து பார்ப்போம்.

உன் அண்ணி,
சுமலதா